விடாத காய்ச்சலோட போன தைராய்டு கிளினிக்: 4 ஸ்டார்

முதல்ல ஸ்டாரைப் பத்தி சொல்லிடுறேன். 4. டாக்டரம்மாவுக்கு மட்டும்னா கண்ண மூடிட்டு 5 போட்டிருப்பேன், ரிசப்ஷனுக்கு மட்டும்னா 2 கூட அதிகம், ரெண்டையும் சேத்து, எங்கக்கா இப்ப நல்லா எந்திரிச்சு ஸ்கூலுக்குப் போய் பசங்கள அதட்டிட்டிருக்கிறதையும் சேத்து 4. கிளினிக் பேரை இங்க போடல, குறையும் எழுதப் போறேன்ல அதனால. திருச்சியில தைராய்டு சுகர் பாக்குற எண்டோகிரைன் டாக்டருங்க நிறைய பேர் இருக்காங்க, நான் எழுதுறதுல பாதி எந்த ஊர்ல எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உதவும்.

காய்ச்சலுக்கு எதுக்கு தைராய்டு டாக்டர்னு கேப்பீங்க. எங்க வீட்லயும் எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க.

அக்காவுக்கு 43 வயசு, லால்குடி பக்கம், டீச்சர். மழை சீசன்ல எல்லாருக்கும் வர்ற மாதிரி சளி, தொண்டைக்கட்டு வந்துச்சு, போச்சு. அது போய் ரெண்டு மூணு வாரம் கழிச்சு சாயங்காலமானா காய்ச்சல் ஏற ஆரம்பிச்சுது. 101, 102. பாராசிட்டமால் போட்டா வேர்த்துக் கொட்டி இறங்கும், மறுநாள் அதே நேரத்துக்கு திரும்ப வரும். காது வலிக்குதுன்னா, தாடை வலிக்குதுன்னா, எச்சில் முழுங்கினா வலிக்குதுன்னா. உள்ளூர் டாக்டர் தொண்டைப் புண்ணுன்னு ஆன்டிபயாடிக் குடுத்தாரு, கேக்கல, வேற ஆன்டிபயாடிக் மாத்தினாரு, அதுவும் கேக்கல. காதுக்கு ஈஎன்டி கிட்ட போனா காது சுத்தமா இருக்குங்க, ஒண்ணுமே இல்லன்னு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க (ஒண்ணுமே இல்லாத காதுக்கு எதுக்கு சொட்டு மருந்துன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல). தாடைக்குப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து கடவாப்பல்லு சாஞ்சிருக்கு, எடுத்துட்டா சரியாயிடும்னாரு. நல்ல வேளை காய்ச்சல் இருக்கறப்ப பல்லு எடுக்க வேணாம்னு மாமா தடுத்துட்டாரு.

இதுக்கு நடுவுல அம்மா ஒரு பக்கம் கண்ணு பட்டுடுச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க, சமயபுரத்துக்கு மாவிளக்கு வேண்டிக்கிட்டாங்க, அது தனிக் கதை.

அப்புறம்தான் இந்த 'ஃபீவர் பேக்கேஜ்'. இதைப் பத்தி நான் கொஞ்சம் நீட்டி எழுதணும், ஏன்னா இப்ப எல்லா லேப்லயும் வச்சிருக்காங்க, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கறாங்க, ஆஃபர் வேற. ரத்த செல் கணக்கு, மலேரியா, டெங்கு, வைடால் (டைபாய்டுக்குப் பாக்கற ரத்த டெஸ்ட்), யூரின், சில இடத்துல சிஆர்பி (உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டுறது), லிவர் டெஸ்ட், இவ்வளவுதான் அதுல. வந்த பையன் நல்ல பையன், வலிக்காம குத்தினான், ரிப்போர்ட் சாயங்காலமே வாட்ஸ்அப்ல வந்துடுச்சு, சர்வீஸ்னு பாத்தா குறையே சொல்ல முடியாது. ஆனா வந்த ரிப்போர்ட்ல வைடால் மட்டும் கொஞ்சம் பாசிட்டிவ். டைபாய்டுன்னு சொல்லி தினமும் ஊசி போட்டாங்க. ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வச்சு டைபாய்டுன்னு முடிவு பண்ணக் கூடாது, நம்ம ஊர்ல டைபாய்டு கிருமி பழகிப்போன விஷயம், முன்னாடி எப்பவோ வந்ததுக்கும் தடுப்பூசிக்கும் வேற காய்ச்சலுக்கும் கூட அது பாசிட்டிவ் காட்டும், நிச்சயமா தெரியணும்னா ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிளட் கல்ச்சர் எடுக்கணும்னு பின்னாடி இந்த டாக்டரம்மாதான் சொன்னாங்க. அதுவரைக்கும் ரெண்டு ஆன்டிபயாடிக் உள்ள போயாச்சு, கல்ச்சர்ல எது வளரும்?

இதுல எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம் என்னன்னா, அதே லேப்ல 'ஃபுல் பாடி செக்கப்'னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்ட் இருக்கு. நல்லா நடமாடிட்டிருக்கறவங்களுக்கு எடுக்கற பேக்கேஜ்ல தைராய்டு உண்டு, காய்ச்சல்ல படுத்தவங்களுக்கு எடுக்கற பேக்கேஜ்ல கிடையாது. சரி, தப்புன்னும் சொல்ல முடியாது, காய்ச்சல்னு வர்ற நூறு பேர்ல தைராய்டு காரணமா ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க, எல்லாருக்கும் எடுத்தா காசு வேஸ்ட்டுதான். ஆனா மூணு வாரம் தாண்டின காய்ச்சலுக்கும் அதே பேக்கேஜையே திரும்பத் திரும்ப எடுக்க வச்சா அது யாருக்கு லாபம்? ரெண்டாவது தடவை அதே லிஸ்ட், அதே நெகட்டிவ், அதே பில்லு.

அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அட்மிட். இதோட பேரும் வேணாம். அங்க ஈஎஸ்ஆர் (இதுவும் உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட்தான்) 104 வந்துச்சு. அதைப் பாத்ததும் எல்லாரோட முகமும் மாறிடுச்சு. ஈஎஸ்ஆர் நூறு தாண்டினா டிபி, கேன்சர், மூட்டு வாத வகை நோய்ங்கன்னு தேட ஆரம்பிச்சுடுவாங்க போல. ஸ்க்ரப் டைபஸ் எடுத்தாங்க (நம்ம பக்கம் அது ஜாஸ்திதான், வயக்காட்டுப் பூச்சி கடிச்சு வர்றது, உடம்புல கருப்புப் பொருக்கு இருக்கான்னு தேடினாங்க), பிளட் கல்ச்சர், யூரின் கல்ச்சர், எக்கோ, ஏஎன்ஏ (உடம்பு தன்னையே தாக்குற நோய்க்குப் பாக்கறது), ஃபெரிட்டின், மான்டூ ஊசி (டிபிக்குப் பாக்கறது), நெஞ்சு எக்ஸ்ரே, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு நெஞ்சுக்கும் வயித்துக்கும் சிடி. எல்லாம் நார்மல், எதுலயும் ஒண்ணும் பிடிபடல. டிஸ்சார்ஜ் அப்ப ரெண்டு சாய்ஸ் சொன்னாங்க, பெட் சிடி (உடம்புல எங்க வீக்கமோ கட்டியோ இருந்தாலும் பளிச்சுனு காட்டுற ஸ்கேன்) எடுக்கலாம், இல்லன்னா டிபி மாத்திரையை ஆரம்பிச்சுப் பாக்கலாம். டிபி மாத்திரைன்னா ஆறு மாசம். எந்த ஆதாரமும் இல்லாம. அக்கா அன்னைக்குத்தான் முதல் தடவையா அழுதா.

அந்த ஆஸ்பத்திரியை முழுசா திட்டவும் எனக்கு மனசில்ல. அவங்க தேடினது எல்லாமே தேட வேண்டியதுதான். இந்த மாதிரி காய்ச்சலுக்கு ஒரு தனிக் கணக்கே இருக்காம், 1961ல பீட்டர்ஸ்டார்ஃப், பீசன்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க நூறு நோயாளிங்கள வச்சு வரையறுத்தது: 101 டிகிரிக்கு மேல, மூணு வாரத்துக்கு மேல, ஆஸ்பத்திரியில ஒரு வாரம் தேடியும் காரணம் தெரியலன்னா அதுக்குப் பேரு காரணம் புரியாத காய்ச்சல். பின்னாடி 1991ல அந்த ஒரு வாரத்தைக் குறைச்சு, மூணு நாள் ஆஸ்பத்திரியில இல்லன்னா மூணு தடவை வெளி நோயாளியா வந்து பாத்தும் தெரியலன்னா போதும்னு மாத்தினாங்க. கிருமி, கேன்சர், உடம்பு தன்னையே தாக்குற நோய், இந்த மூணுதான் பெரிய வகை, நம்ம நாட்ல கிருமி வகையில டிபிதான் முன்னாடி நிக்குது. மிச்சம் மீதி சில்லறைக் காரணங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அந்த லிஸ்ட்ல ஒரு ஓரத்துல இருக்கறதுதான் தைராய்டு வீக்கம். அதனால அவங்க மேல இருந்து தேடிட்டு வந்தது சரி. என் கேள்வி வேற. இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு மிஷின்ல படுக்க வச்சவங்க, கழுத்துல கை வச்சுப் பாக்க எத்தனை நிமிஷம் ஆகும்? காலைல ரவுண்ட்ஸ்ல ஒரு கூட்டமே வருது, ஃபைலைப் பாக்குது, போகுது. அக்கா தெனம் காது வலி தாடை வலின்னு சொல்லிட்டேதான் இருந்தா, கேஸ் ஷீட்ல 'ஈஎன்டி பாத்தாச்சு, நார்மல்'னு எழுதி மூடிட்டாங்க.

அங்க டூட்டியில இருந்த ஒரு நர்ஸ் சொன்னதுதான் திருப்பம். காய்ச்சல் இல்லாத நேரத்துலயும் இந்தக்காவுக்கு நாடி 120 ஓடுதேன்னு அவங்க பாட்டுக்கு சொன்னாங்க. காய்ச்சல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினா நாடி சுமார் பத்து ஏறும், அது நியாயம், காய்ச்சல் இறங்கியும் நாடி இறங்கலன்னா வேற ஏதோ ஓட்டுது. டைபாய்டுல பாத்தா தலைகீழ், காய்ச்சல் இருக்கற அளவுக்கு நாடி ஏறாதுன்னு பழைய டாக்டருங்க சொல்றது. டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் மாமாவோட தங்கச்சி, அவங்க நர்சிங் படிச்சவங்க, கை நடுங்குறதையும் எடை குறைஞ்சதையும் பாத்துட்டு, அண்ணி, ஒரு தடவை தைராய்டு டாக்டர்கிட்ட காட்டிடலாம் அண்ணின்னு சொல்லி இந்தக் கிளினிக்குக்கு டோக்கன் போட்டாங்க.

இப்ப கிளினிக்குக்கு வர்றேன்.

மாடியில இருக்கு, லிஃப்ட் இருக்குன்னு போர்டு இருக்கு, நாங்க போனப்பல்லாம் ஓடல. காய்ச்சக்காரிய படியேத்திக் கூட்டிட்டுப் போனோம். டோக்கன் 6 மணிக்குன்னு குடுத்தாங்க, கூப்பிட்டப்ப ஒன்பதரை. நடுவுல மெடிக்கல் ரெப்புங்க டையைக் கட்டிட்டு கூட்டமா உள்ள போறாங்க வர்றாங்க. ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுகிட்ட காய்ச்சலா இருக்கும்மா கொஞ்சம் முன்னாடி விடும்மான்னு கேட்டா, இது காய்ச்சல் கிளினிக் இல்லீங்கக்கா, தைராய்டு கிளினிக்னு பதில். (பாவம் அதுவும் தெரியாமத்தான் சொல்லுச்சு, ஆனா கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்.) உக்கார நாற்காலி பத்தாது, ஃபேன் ஒரு பக்கம் மட்டும் சுத்துது, பாத்ரூம் சுமார். ஒரு ஸ்டார் குறைஞ்சது முக்கால்வாசி இங்கதான்.

உள்ள போனதுக்கப்புறம் எல்லாம் வேற.

டாக்டரம்மா ஃபைலை வாங்கி ஓரமா வச்சுட்டாங்க. எடுத்ததும் கேட்டது, காய்ச்சலுக்கு முன்னாடி சளி பிடிச்சுதா? வலி எந்தக் காதுல ஆரம்பிச்சுது? இப்ப எந்தப் பக்கம்? அக்கா யோசிச்சுட்டு, முதல்ல வலது பக்கம் மேடம், இப்ப ஒரு வாரமா இடது பக்கம்தான்னு சொன்னா. அப்படியான்னு எந்திரிச்சு வந்து அக்காவுக்குப் பின்னாடி நின்னுட்டு, கையில ஒரு டம்ளர் தண்ணியக் குடுத்து ஒரு வாய் முழுங்குங்கன்னு சொல்லிட்டு ரெண்டு கையாலயும் கழுத்தை மெதுவா தடவினாங்க. இடது பக்கம் விரல் பட்டதும் அக்கா ஆன்னு கத்திட்டு கையைத் தட்டி விட்டா. இத்தனை நாளா தொண்டைக்குள்ள வலின்னு நினைச்சது தொண்டைக்கு வெளிய முன் கழுத்துல இருந்திருக்கு. அங்க இருக்கற தைராய்டு சுரப்பி வீங்கினா வலி காதுக்கும் தாடைக்கும் ஏறுமாம், அதனாலதான் இந்த நோய் வந்தவங்க முக்கால்வாசிப் பேரு ஈஎன்டி, பல் டாக்டர்னு சுத்திட்டுத்தான் எங்ககிட்ட வருவாங்கம்மா, நீங்க ஒண்ணும் புதுசா அலையலன்னு சிரிச்சாங்க. வலி ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்றது இதோட குணமாம்.

அப்புறம் ரெண்டு கேள்வி கேட்டாங்க, அதுக்குத்தான் நான் இவங்களுக்கு 5 குடுப்பேன்னு சொன்னது. ஒண்ணு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதும் போடறீங்களா? ஜாஸ்தி டோஸ்ல பயோட்டின் போட்டா சில மிஷின்ல டிஎஸ்ஹெச் பொய்யா குறைவாவும் டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யா கூடுதலாவும் காட்டுமாம், போட்டா ரெண்டு நாளாவது நிறுத்திட்டுத்தான் ரத்தம் குடுக்கணும். ரெண்டாவது, சிடி எடுத்தாங்களே, கான்ட்ராஸ்ட் போட்டாங்களா? ஆமான்னதும், அப்ப கதிர் மருந்து குடுத்து எடுக்கற தைராய்டு ஸ்கேன் இப்ப எடுத்துப் பிரயோஜனமில்ல, அந்த மருந்துல அயோடின் இருக்கு, உங்க சுரப்பி ஏற்கனவே அயோடின்ல முங்கிக் கிடக்கும், ஸ்கேன் எப்படியும் மங்கலாத்தான் வரும், அதை வச்சு நோயினால மங்கலா மருந்தால மங்கலான்னு சொல்ல முடியாது, காசை மிச்சம் பண்ணுங்க, கழுத்துக்கு அல்ட்ராசவுண்டும் ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளரும் போதும்னாங்க. காசை மிச்சம் பண்ணுங்கன்னு ஒரு டாக்டர் சொல்லி இந்த ஒரு மாசத்துல நாங்க கேட்டது அதுதான் முதல் தடவை.

டெஸ்ட் அதே பில்டிங் லேப்ல. வெளி லேப்பை விட கொஞ்சம் கூடத்தான், ஆனா மறுநாள் காலையிலயே வந்துடுச்சு. டிஎஸ்ஹெச் 0.01க்கும் கீழ, ஃப்ரீ டி4 ஜாஸ்தி, அதாவது ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மேல. ஆன்டி டிபிஓ (உடம்பே தைராய்டைத் தாக்குதான்னு பாக்கறது) நெகட்டிவ். அல்ட்ராசவுண்ட்ல ரெண்டு பக்கமும் கருப்புக் கருப்பா திட்டு, ரத்த ஓட்டம் கம்மி. நோயோட பேரு சப்அக்யூட் தைராய்டிட்டிஸ், டி குவர்வெயின் தைராய்டிட்டிஸ்னும் சொல்றாங்க, ஃபிரிட்ஸ் டி குவர்வெயின்னு சுவிட்சர்லாந்து சர்ஜன் 1904லயே எழுதி வச்சது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு! ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு நாலஞ்சு மடங்கு ஜாஸ்தி வருதாம், அதுவும் முப்பதுலருந்து அம்பது வயசுல. வைரஸ் சளிக்கு அப்புறம் சில வாரம் கழிச்சு வர்றது, கொரோனாவுக்கு அப்புறமும் நிறைய பேருக்கு வந்துச்சு, 2020ல முதல்ல இத்தாலியில ஒரு 18 வயசுப் பொண்ணுக்கு வந்ததைத்தான் எழுதினாங்க. சில பேருக்குக் கழுத்து வலியே சரியா இருக்காதாம், வெறும் காய்ச்சலும் உடம்பு இளைக்கறதும் உயர்ந்த ஈஎஸ்ஆரும் மட்டும்தான், அவங்க பாடு எங்கள விட மோசம். காய்ச்சல் 104 வரைக்கும் கூட ஏறலாமாம்.

ஏன் காய்ச்சல் வருதுன்னு மாமா கேட்டாரு. கிருமி நேரா இருந்து காய்ச்சல் வர்றதில்ல, வீக்கம் வந்த இடத்துலருந்து ரத்தத்துல கலக்குற பொருள்ங்க மூளையில இருக்கற சூட்டுக் கணக்கை ஏத்தி விடுது, அதோட உடைஞ்ச சுரப்பியிலருந்து ஹார்மோனும் கொட்டுறதால படபடப்பு, வேர்வை, கை நடுக்கம், எடை குறையறதுன்னு விளக்கினாங்க. அப்ப தைராய்டு ஜாஸ்தின்னு வேலைய நிறுத்துற மாத்திரை கார்பிமசோல் குடுக்க மாட்டீங்களான்னு மாமாவோட தங்கச்சி கேட்டதுக்கு அவங்க சொன்னது எனக்கு அப்படியே மனசுல நின்னுடுச்சு: மோட்டார் நிக்காம ஓடி டேங்க் வழிஞ்சா மோட்டாரை ஆஃப் பண்ணலாம், இங்க டேங்க்ல ஓட்டை விழுந்து தண்ணி கொட்டுது, மோட்டாரை ஆஃப் பண்ணி என்ன ஆகப் போகுது? இருக்கற தண்ணி கொட்டித் தீரட்டும், ஓட்டை தானா அடையும். சுரப்பி நிக்காம ஹார்மோன் சுரக்குற கிரேவ்ஸ் நோய்தான் மோட்டார் கேஸ், அதுல டாப்ளர்ல ரத்த ஓட்டம் கொப்பளிக்கும், இதுல கம்மியா இருக்கும், ஈஎஸ்ஆரும் இப்படி எகிறாது. ரெண்டுலயும் டிஎஸ்ஹெச் ஒரே மாதிரி அடியில கிடக்கறதால ரிப்போர்ட்டை மட்டும் பாத்து கார்பிமசோல் எழுதிடறவங்களும் இருக்காங்க, அதனால வீட்ல யாருக்காவது கழுத்து வலியோட காய்ச்சலோட டிஎஸ்ஹெச் குறைவா வந்தா இந்தக் கேள்வியக் கேட்டுடுங்க.

மருந்து. லேசா இருந்தா ஐப்யூப்ரோஃபென், நாப்ராக்ஸன் மாதிரி வலி மாத்திரையே போதும். அக்காவுக்கு ஏற்கனவே ஆஸ்பத்திரியில வலி மாத்திரை குடுத்தும் கேக்காததால ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க. முன்னாடியெல்லாம் 40 மில்லிகிராம்லதான் ஆரம்பிப்பாங்களாம், இப்ப சில பேரு 15, 20லயே ஆரம்பிக்கறாங்க. படபடப்புக்கு ப்ரோப்ரனோலால், அதை எழுதறதுக்கு முன்னாடி ஆஸ்துமா இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. சுகர் பாத்தாங்க, ஏன்னா ஸ்டீராய்டு சுகரை ஏத்தும்.

அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போட்டா. சாயங்காலம் வழக்கமா காய்ச்சல் வர்ற நேரத்துக்கு நாங்க எல்லாரும் தெர்மாமீட்டரை வச்சுட்டு உக்காந்திருக்கோம். 99. மறுநாள் 98.4. ரெண்டாவது நாள் ராத்திரி அக்கா ரசஞ்சோறு கேட்டு வாங்கி சாப்பிட்டா, முழுங்கறப்ப வலிக்கலன்னா. ரெண்டு மூணு நாள்ல இப்படி சட்டுனு அடங்கறதே இந்த நோய்தான்னு உறுதி பண்ற ஒரு அடையாளமாம், அடங்கலன்னா வேற ஏதாவதான்னு திரும்ப யோசிக்கணும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க.

இதைப் படிச்சுட்டு யாரும் மெடிக்கல்ல போய் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். ஸ்டீராய்டு போட்டா அநேகமா எந்தக் காய்ச்சலும் ரெண்டு நாள் அடங்கின மாதிரிதான் இருக்கும், டிபி இருந்தா உள்ளுக்குள்ள பரவும், லிம்போமா மாதிரி கேன்சர் இருந்தா பயாப்ஸியில கூட பிடிபடாம மறைஞ்சுடலாம். டாக்டரம்மாவும் அந்த ஒதுக்கி வச்ச ஃபைலைக் கடைசியில எடுத்து கல்ச்சர், எக்ஸ்ரே, சிடி, மான்டூ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் எழுதினாங்க. அந்த வகையில ஆஸ்பத்திரியில எடுத்த டெஸ்ட் எல்லாம் வீணாப் போகலன்னு மாமா சொல்லி மனசைத் தேத்திக்கிட்டாரு, பில்லு கட்டினவரு அவருதானே.

இப்ப இன்னொரு குறை. ஸ்டீராய்டை நட்டாத்துல நிறுத்தக் கூடாது, ஆறு எட்டு வாரத்துல படிப்படியா குறைக்கணும். அட்டவணை போட்டு தமிழ்லயே அழகா பிரின்ட் பண்ணிக் குடுத்தாங்க, எந்த வாரம் எத்தனை மாத்திரைன்னு, அது சூப்பர், அம்மாவே படிச்சு எடுத்துக் குடுத்துட்டாங்க. ஆனா குறைச்சுட்டு வர்றப்ப ஒரு கட்டத்துல கழுத்து வலி திரும்பவும் லேசா வந்துச்சு. சந்தேகம்னா போன் பண்ணுங்கன்னு சீட்டுல ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அதுக்கு அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுதான் மிச்சம், எடுக்கவே ஆளில்ல. வாட்ஸ்அப்ல அனுப்பினா ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. மறுநாள் நேர்ல போய் திரும்ப டோக்கன், திரும்ப காத்திருப்பு. உள்ள போனா, குறைக்கறப்ப வலி திரும்பறது சகஜம்தான், ஒரு படி மேல ஏத்திட்டு இன்னும் மெதுவா இறங்கலாம்னு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்தை போன்ல சொல்ல ஒரு ஆளை வைக்கக் கூடாதா? இத்தனைக்கும் அந்த விசிட்டுக்கு ஃபீஸ் வாங்கல, அது பெரிய மனசு, ஒத்துக்கறேன், ஆனா லால்குடியிலருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து அங்கருந்து ஆட்டோ புடிச்சு வர்றவங்களுக்கு ஃபீஸ் மட்டும்தான் செலவா என்ன.

இதோட முடியல. கொட்டற தண்ணி கொட்டித் தீந்ததும் டேங்க் காலியாத்தானே இருக்கும், அதனால அடுத்த சில மாசம் தைராய்டு குறைவுப் பக்கம் போகும்னு முன்னாடியே சொன்னாங்க. அதே மாதிரி அக்காவுக்கு உடம்பு கனக்குது, தூக்கமா வருதுன்னு ஆரம்பிச்சுது, டிஎஸ்ஹெச் மேல ஏறியிருந்துச்சு. இப்ப கொஞ்ச டோஸ்ல தைராக்சின். வாழ்நாள் பூரா போடணுமா மேடம்னு அக்கா பயந்து போய் கேட்டதுக்கு, முக்கால்வாசிப் பேருக்கு சுரப்பி தன் நிலைக்கு வந்துடும், நூறுல அஞ்சுலருந்து பதினஞ்சு பேருக்குத்தான் குறைவு நிரந்தரமா தங்கும், ஆறு மாசம் கழிச்சு மாத்திரைய நிறுத்திப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னாங்க. நம்ம ஊர்ல ஒரு தடவை தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்திப் பாக்கலாம்னு யாரும் யோசிக்கறதே இல்ல, எங்க தெருவுலயே எனக்குத் தெரிஞ்ச அத்தைங்க வருஷக்கணக்கா போட்டுட்டிருக்காங்க, அதுல எத்தனை பேருக்கு இந்த மாதிரி தற்காலிகமா வந்ததோ. (அத்தைங்களே, இதைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டரைக் கேளுங்க.)

ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சுது. பெட் சிடி எடுக்கச் சொன்னாங்களே, எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா மேடம்னு கேட்டேன். எடுத்திருந்தா கழுத்துல தைராய்டு பளிச்சுனு எரிஞ்சிருக்கும், யாராவது அப்ப கழுத்தைத் தொட்டுப் பாத்திருப்பாங்கன்னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியைப் பத்தி ஒரு வார்த்தை குறையா சொல்லல, நாங்க கிளறிப் பாத்தும் சொல்லல. நான் அங்க இருந்தாலும் டிபியைத்தான் முதல்ல தேடியிருப்பேன்னாங்க.

செலவு கேக்கறவங்களுக்கு: கன்சல்டேஷன், டெஸ்ட், அல்ட்ராசவுண்ட் எல்லாம் சேத்தே எங்களுக்கு ஆஸ்பத்திரி பில்லுல ஒரு ஓரத்துக்குத்தான் வந்துச்சு. மாத்திரை அதை விட சல்லிசு, ப்ரெட்னிசலோன் எல்லாம் பத்து மாத்திரை அட்டை சில்லறைக் காசுதான். மருந்துப் பேரை பெரிய எழுத்துல அடிச்சுக் குடுக்கறதால கீழ இருக்கற கடையிலதான் வாங்கணும்னு இல்ல, எங்க வேணா வாங்கலாம், முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ கேட்டுப் பாருங்க.

போறவங்களுக்கு நாலு வார்த்தை. சனிக்கிழமை போகாதீங்க, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். டோக்கனைக் காலையிலயே போடுங்க, சாப்பாடு தண்ணி கையோட எடுத்துட்டுப் போங்க. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி வச்சுக்குங்க, சிடி எடுத்திருந்தா கான்ட்ராஸ்ட் போட்டதா இல்லையான்னு கேட்டு வச்சுக்குங்க. காய்ச்சலை நோட்ல எழுதுங்க, கூடவே நாடியையும் எழுதுங்க, முக்கியமா காய்ச்சல் இல்லாத நேரத்து நாடி. வண்டிய எதிர்த்த சந்துல நிறுத்துங்க, கிளினிக் வாசல்ல நிறுத்தினா ஜூஸ் கடைக்காரரு சண்டைக்கு வருவாரு.